டெர்மினல் எடிட்டரில் ஒட்டினால் வரிகள் படிக்கட்டாகச் சரிகின்றன. ‘செட் பேஸ்ட்’ மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி | 8 பிப்ரவரி 2025

எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி) மூலம் ஒரு சர்வரில் நுழைந்து, விம் என்ற எடிட்டரில் ஒரு யாமல் கோப்பை (உள்தள்ளலை வைத்தே பொருள்கொள்ளும் அமைப்புக் கோப்பு) திறந்து, என் லேப்டாப்பில் காப்பி செய்த அறுபது வரிகளை ஒட்டினேன். முதல் வரி சரியாக வந்தது. அடுத்தது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி, கடைசி வரி திரைக்கு வெளியே போய்விட்டது. இடையில் இருந்த ஒரு கமென்ட் வரிக்குப் பிறகு வந்த எல்லா வரிகளுக்கும் முன்னால் ஹாஷ் குறி தானாகச் சேர்ந்திருக்கிறது. ‘:செட் பேஸ்ட்’ போட்டுவிட்டு ஒட்டு, வேறெதுவும் தேவையில்லை என்று தேடிய இடமெல்லாம் சொல்கிறார்கள். அவ்வளவுதானா?

8 பிப்ரவரி, இரவு

அவ்வளவு இல்லை. ‘செட் பேஸ்ட்’ உங்கள் படிக்கட்டைச் சரி செய்யும். ஆனால் படிக்கட்டு வெறும் அறிகுறிதான்.

டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டருக்கு உங்கள் கிளிப்போர்டு தெரியாது. நீங்கள் ஒட்டும்போது டெர்மினல் அந்த உரையை எழுத்து எழுத்தாக எடிட்டருக்கு அனுப்புகிறது. எடிட்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால், யாரோ மிக வேகமாக டைப் செய்வது போலத்தான் இருக்கும். நீங்கள் கையால் டைப் செய்யும்போது என்னென்ன உதவி செய்யுமோ அத்தனையையும் அது இங்கேயும் செய்யும். வரி முடிந்து என்டர் வந்தால், மேல் வரியின் உள்தள்ளலை அடுத்த வரிக்கும் போடும். ஒட்டிய உரையில் ஏற்கெனவே உள்தள்ளல் இருப்பதால் இரண்டும் கூடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் இது நடப்பதால் படிக்கட்டு. கமென்ட் வரியில் என்டர் தட்டினால் அடுத்த வரிக்கும் கமென்ட் குறி போடுவது இன்னொரு உதவி. உங்கள் ஹாஷ் குறிகள் அங்கிருந்து வந்தவை.

எனவே கேட்க வேண்டியது, டைப் செய்வதையும் ஒட்டுவதையும் எடிட்டர் எப்படி வேறுபடுத்தி அறியும் என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

9 பிப்ரவரி, காலை

‘செட் பேஸ்ட்’ ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறேன்.

அது உள்தள்ளலை மட்டும் நிறுத்துவதில்லை. இன்சர்ட் மோடில் (டைப் செய்வது உரையாக விழும் நிலை) நீங்கள் அமைத்து வைத்த மேப்பிங்குகள் (விசைகளுக்கு நீங்களே கொடுத்த வேலைகள்), சுருக்கெழுத்துகள் எல்லாம் செத்துவிடும். வரி அகல எல்லை போகும். டேப் விசையை இடைவெளிகளாக மாற்றும் ‘எக்ஸ்பாண்ட்டேப்’ அமைப்பும் அணைந்துவிடும். ஒட்டி முடித்ததும் ‘:செட் நோபேஸ்ட்’ போட வேண்டும். போடாமல் அதே கோப்பில் தொடர்ந்து வேலை செய்து, ஒரு இடத்தில் டேப் தட்டினால், நான்கு இடைவெளிக்குப் பதிலாக நிஜ டேப் ஒன்று விழும். யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் கோப்பைப் படிக்கும் நிரல் மறுத்துவிடும். ஒட்டிய இடத்தில் பிழை இருக்கும் என்று நீங்கள் அங்கே தேடுவீர்கள். பிழையோ அதற்கு இருபது வரி கீழே இருக்கும்.

விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மின் உதவிப் பக்கமே இந்த அமைப்பைக் காலாவதியானது என்று சொல்கிறது.

9 பிப்ரவரி, மாலை

சரி, அப்படியானால் எது வழி? பிராக்கெட்டட் பேஸ்ட்.

எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலில் தொடங்கி இப்போது பெரும்பாலான டெர்மினல்களில் இருக்கும் வசதி இது. எடிட்டர் தொடங்கும்போது டெர்மினலிடம் ‘ஒட்டும்போது எனக்குச் சொல்’ என்று கேட்டுக்கொள்ளும். அந்தக் கோரிக்கையின் எண் 2004. அதன் பிறகு நீங்கள் ஒட்டினால், உரைக்கு முன்னால் 200 என்ற எண் கொண்ட ஒரு எஸ்கேப் குறியும் (திரையில் தெரியாத கட்டுப்பாட்டுத் தொடர்), பின்னால் 201 என்ற எண் கொண்ட இன்னொன்றும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒட்டிய உரை, அதை அப்படியே வை, உதவி எதுவும் செய்யாதே என்று எடிட்டருக்குப் புரிந்துவிடும். நீங்கள் எதையும் போட வேண்டாம், எடுக்க வேண்டாம்.

விம் இதை 8.0 வரிசையில், 2017 தொடக்கத்தில் சேர்த்தது. ஈமேக்ஸ் 25.1-இல், 2016-இல் வந்தது. நியோவிம்மில் உள்ளேயே இருக்கிறது. ஷெல்லையும் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) சேர்த்துச் சொன்னால், 2020 டிசம்பரில் வந்த பேஷ் 5.1 முதல் இயல்பாகவே இயங்குகிறது.

10 பிப்ரவரி

‘எனக்கு விம் 9 இருக்கிறது, ஆனாலும் படிக்கட்டு வருகிறதே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் (ஒரே டெர்மினலில் பல செஷன்களை ஓட்டும் நிரல்கள்) விம்மைத் திறக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். டெர்மினலின் பெயர் எக்ஸ்டெர்ம் போல இருந்தால்தான் விம் இந்த வசதியைத் தானாக எழுப்பும். உள்ளே இருக்கும்போது அந்தப் பெயர் ‘ஸ்கிரீன்’ என்றோ ‘டிமக்ஸ்’ என்றோ மாறியிருக்கும், அதனால் சில பதிப்புகளில் விம் கேட்காமலே இருந்துவிடும். விம்மின் உதவியில் ‘எக்ஸ்டெர்ம் பிராக்கெட்டட் பேஸ்ட்’ என்ற தலைப்பில் இதற்கான சில வரிகள் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கின்றன. விம்ஆர்சி என்ற விம்மின் அமைப்புக் கோப்பில் அவற்றைச் சேர்த்தால் போதும்.

டிமக்ஸின் சொந்த பஃபரிலிருந்து (டிமக்ஸ் காப்பி செய்ததை வைத்திருக்கும் இடம்) ஒட்டுபவர்கள் கவனிக்க: ‘பேஸ்ட்-பஃபர்’ கட்டளைக்கு ‘-பி’ இருந்தால்தான் அந்த முன்பின் குறிகளைச் சேர்க்கும். இயல்பான விசையில் அது இருக்கிறது. பழைய அமைப்புக் கோப்பில் விசையை மாற்றி எழுதியிருந்தால் விட்டுப்போயிருக்கும்.

10 பிப்ரவரி, சற்றுப் பிறகு

இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க எளிய வழி: ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, நார்மல் மோடிலேயே (விசைகள் கட்டளைகளாகும் நிலை) இரண்டு வரிகளை ஒட்டிப் பாருங்கள். உரை அப்படியே விழுந்தால் வேலை செய்கிறது. பீப் சத்தம், குதிக்கும் கர்சர், காணாமல் போன எழுத்து என்றால் வேலை செய்யவில்லை. முக்கியமான கோப்பில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரிக்கான விளக்கம். இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டியது இதுதான் என்பேன்.

படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் அன்டூ செய்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத சேதம் நார்மல் மோடில் ஒட்டும்போது வருகிறது. அங்கே ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை.

ஆங்கிலத்தில் ‘டேட்’ என்று பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு லாக் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டி, கர்சரிலிருந்து வரியின் கடைசி வரை அழிக்கும். அடுத்து வரும் ஏ, இன்சர்ட் மோடுக்குள் கொண்டுபோகும். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்துகளும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமும் உரையாக விழும். திரையில் பார்த்தால் லாக் வந்துவிட்டது, முதலில் ஏதோ இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த இரண்டு எழுத்தை மட்டும் கையால் சேர்த்து சேமித்துவிடுவோம். பழைய வரியின் பாதி அழிந்தது யாருக்கும் தெரியாது. பெரிய எஸ்ஸில் தொடங்கும் உரை இன்னும் மோசம்: முழு வரியும் போகும்.

ஆகவே ஒட்டிய உரையின் முதல் எழுத்துகள் குறைந்திருந்தால், அவற்றை நிரப்பாதீர்கள். அதைவிட அதிகமாக ஏதோ போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சேமிக்கவில்லை என்றால் ‘:இ!’ போட்டு டிஸ்கில் இருக்கும் கோப்பை மறுபடி ஏற்றுங்கள். சேமித்திருந்தால் ‘:எர்லியர் 1எஃப்’ கடைசியாகச் சேமிப்பதற்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். எது அழிந்தது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட இது நல்லது.

தமிழ் உரையை நார்மல் மோடில் ஒட்டினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது, ஏனென்றால் தமிழ் எழுத்துகளுக்குக் கட்டளை இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால் மேலே சொன்னதெல்லாம் அங்கிருந்து தொடங்கும்.

12 பிப்ரவரி

பிராக்கெட்டட் பேஸ்ட்டைத் தீர்வாகச் சொன்னேன். எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: உரையை விசைப்பலகை வழியாக அனுப்பவே வேண்டாம்.

சொந்தக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது மிக எளிது. விம்மில் கிளிப்போர்டு வசதி சேர்க்கப்பட்டிருந்தால், இரட்டை மேற்கோள், கூட்டல் குறி, பி என்ற மூன்று விசைகள் கிளிப்போர்டில் உள்ளதை அப்படியே வைக்கும். உள்தள்ளல் கூடாது, எந்த எழுத்தும் கட்டளை ஆகாது. ‘விம் --வெர்ஷன்’ வெளியீட்டில் ‘கிளிப்போர்டு’ என்ற சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் வசதி உண்டு, கழித்தல் குறி என்றால் இல்லை. இன்சர்ட் மோடில் இருக்கும்போதே வேண்டுமென்றால் கண்ட்ரோல்-ஆர், கண்ட்ரோல்-ஓ, கூட்டல் குறி. நடுவில் கண்ட்ரோல்-ஓ இருப்பதால்தான் உரை உள்ளபடி வருகிறது. அதை விட்டுவிட்டால் டைப் செய்தது போலவே நடந்து படிக்கட்டு திரும்ப வரும்.

இதில் இன்னொரு நன்மை. ஒட்டுவதற்கு முன்பே ‘:ரெஜிஸ்டர்ஸ் +’ என்று போட்டு கிளிப்போர்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கட்டுப்பாட்டு எழுத்துகள் தொப்பிக் குறியோடு வெளிப்படையாகத் தெரியும். இதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

12 பிப்ரவரி, இரவு

எஸ்எஸ்எச் வழியாகப் போனால் அந்தப் பக்கத்து விம்முக்கு இந்தப் பக்கத்துக் கிளிப்போர்டு தெரியாதே என்று சொல்கிறீர்கள். உண்மை. கேள்வி கேட்டவரின் நிலையும் அதுதான். அங்கே என் முதல் தேர்வு, கோப்பை இங்கேயே எழுதி ‘எஸ்சிபி’ என்ற கோப்பு அனுப்பும் கட்டளை மூலம் அனுப்புவது. அறுபது வரி யாமலை ஒட்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. ஒட்டுவது கைக்கு எட்டும் பழக்கம் என்பதால்தான் ஒட்டுகிறோம்.

முடியாது, ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எடிட்டரை விட்டுவிட்டு ஷெல்லில் ‘கேட் > புதியகோப்பு’ போட்டு, ஒட்டி, புதிய வரியில் கண்ட்ரோல்-டி. கேட் எந்த உதவியும் செய்யாது, வந்ததை எழுதும். பிறகு விம்மில் ‘:ஆர் புதியகோப்பு’ போட்டால் அந்த உரை உள்ளே வரும்.

13 பிப்ரவரி

கேட் வழிக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். டெர்மினல் சாதாரண நிலையில் இருக்கும்போது லினக்ஸ் ஒரு வரியை 4096 பைட் வரைதான் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளது சத்தமில்லாமல் வெட்டுப்படும். குறியீட்டு வரிகள் இவ்வளவு நீளம் போகாது. ஆனால் ஒரே வரியில் அடைத்த ஜேசன் தரவு போகும். தமிழ் உரைக்கு எல்லை இன்னும் கிட்டத்தில் வருகிறது: யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக ஒரு வரியில் சுமார் 1365 குறியீடுகள். உயிர்மெய் எழுத்துக்கு மெய் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என்று தனித்தனிக் கணக்கு என்பதால் ஒரு நீண்ட பத்தியே எட்டிவிடும். பத்தி பத்தியாக எழுதிய தமிழ்க் கட்டுரையை கேட்டில் ஒட்டினால் ஒவ்வொரு பத்தியின் கடைசியையும் பாருங்கள்.

இந்த வெட்டு பிராக்கெட்டட் பேஸ்ட்டில் இல்லை, ஏனென்றால் எடிட்டர் டெர்மினலை வேறு நிலையில் வைத்திருக்கிறது. நீண்ட வரிகளுக்கு அதுவே மேல்.

13 பிப்ரவரி, மதியம்

நானோ என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு. 2019-இல் வந்த 4.0 பதிப்புக்கு முன்பு நானோ நீண்ட வரிகளை இயல்பாகவே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். எஸ்எஸ்எச் பொதுச்சாவி (கடவுச்சொல் இல்லாமல் நுழைய சர்வரில் வைப்பது) ஒரே நீண்ட வரி. பழைய சர்வரில் நானோவைத் திறந்து அதை ஒட்டினால் இரண்டு மூன்று வரியாக உடையும், திரையில் இயல்பாக மடிந்தது போலத்தான் தெரியும், ஆனால் சாவி வேலை செய்யாது. ‘நானோ -டபிள்யூ’ என்று திறந்தால் உடைக்காது. ஒட்டிய பிறகு ‘எஸ்எஸ்எச்-கீஜென் -எல் -எஃப்’ போட்டு அந்தக் கோப்பைக் கொடுங்கள். சாவி முழுதாக இருந்தால் அதன் கைரேகையைக் காட்டும். பழைய செஷனை மூடுவதற்கு முன் புதிய செஷன் ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் பார்த்த, சர்வருக்குள் நுழைய முடியாமல் வெளியே மாட்டிக்கொண்ட சம்பவங்களில் பல இந்தப் புள்ளியில்தான் தொடங்கின.

15 பிப்ரவரி

இதுவரை நாம் காப்பி செய்தது சரியான உரை என்று வைத்துக்கொண்டே பேசினோம். அந்தப் பக்கமும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

டெர்மினல் திரையிலிருந்து மவுஸால் தேர்ந்தெடுத்தால், கோப்பில் இருப்பது கிடைக்காது, திரையில் வரையப்பட்டதுதான் கிடைக்கும். வரி எண்கள் சேர்ந்து வரும். திரையை இரண்டாகப் பிரித்திருந்தால் நடுக்கோடும் வரும். டேப் எழுத்துகள் பெரும்பாலும் இடைவெளிகளாகி வரும். மேக்ஃபைலில் (நிரலை உருவாக்கும் படிகளை எழுதும் கோப்பு) கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், எனவே அப்படிக் காப்பி செய்த மேக்ஃபைல் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நிற்கும். எந்தப் பேஸ்ட் அமைப்பும் இதைக் காப்பாற்றாது. டேப் காப்பி செய்யும்போதே போய்விட்டது.

இணையப் பக்கத்திலிருந்து எடுத்தால் வேறு தொல்லைகள்: நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகியிருக்கும், இரட்டைக் கழித்தல் குறி ஒரே நீளக் கோடாகியிருக்கும், சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி இருக்கும். பூஜ்ய அகல இடைவெளி இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ‘கேட் -ஏ’ இவற்றை வெளிக்காட்டும், ஆனால் தமிழ் எழுத்துகளையும் குறியீடுகளாக்கிவிடும். அப்போது விம்மில் சந்தேகமான எழுத்தின்மேல் கர்சரை வைத்து ‘ஜி8’ போட்டு பைட்டுகளைப் பார்ப்பது நல்லது.

தமிழ் உரைக்கே உரியது ஒன்று. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் இல்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து ஒட்டிய உரைகளில் இரண்டும் கலந்திருந்தால், தேடல் ஒன்றைக் கண்டுபிடிக்கும், மற்றதை விட்டுவிடும். விம்மைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

16 பிப்ரவரி

பாதுகாப்பாக ஒட்டுவது என்றால் தீய நோக்கத்தோடு வைத்த உரையையும் சேர்த்தா என்று ஒருவர் கேட்டார். ஆம், சேர்த்துத்தான்.

ஒரு பக்கம் உங்களுக்கு ஒரு வரியைக் காட்டி, காப்பி செய்யும்போது வேறொன்றைக் கிளிப்போர்டில் வைக்க முடியும். மறைத்து வைத்த எழுத்துகளாலும் முடியும், ஜாவாஸ்கிரிப்டாலும் முடியும். ஷெல்லில் ஒட்டாமல் எடிட்டரில் ஒட்டினால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உரைக்குள் ஓர் எஸ்கேப் எழுத்து இருந்தால் அது விம்மை இன்சர்ட் மோடிலிருந்து வெளியே கொண்டுவரும். தொடர்ந்து முக்கால்புள்ளியும் ஆச்சரியக்குறியும் வந்தால் பின்னால் இருப்பது ஷெல் கட்டளையாக ஓடும்.

பிராக்கெட்டட் பேஸ்ட் இதைத் தடுக்கிறது. ஆனால் உரைக்குள்ளேயே முடிவுக் குறியை ஒளித்து வைத்தால் எடிட்டர் ஒட்டுதல் முடிந்தது என்று நம்பிவிடும். ஒட்டும் உரையிலிருந்து அந்தக் குறியை நீக்க வேண்டியது டெர்மினலின் பொறுப்பு. நல்ல டெர்மினல்கள் நீக்குகின்றன. பழையதையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் புதுப்பிக்க இது போதுமான காரணம். விண்டோஸ் டெர்மினல் பல வரிகளை ஒட்டும்போது எச்சரிக்கை காட்டுகிறது. அந்த எச்சரிக்கை எரிச்சலாக இருக்கிறது என்று அணைக்காதீர்கள்.

சேமித்த பிறகும் ஒன்று இருக்கிறது. கோப்பின் முதல், கடைசி ஐந்து வரிகளில் மோட்லைன் (விம்முக்கான அமைப்புகளைச் சொல்லும் வரி) இருந்தால், அடுத்த முறை திறக்கும்போது விம் அதைப் படித்து அமைப்புகளை மாற்றும். இதில் இருந்த ஓட்டை வழியாகக் கட்டளையே ஓட்ட முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-12735, விம் 8.1.1365-இல் அடைக்கப்பட்டது. தெரியாத இடத்து உரையை அடிக்கடி ஒட்டுபவர்கள் ‘:செட் நோமோட்லைன்’ வைத்துக்கொள்ளலாம்.

18 பிப்ரவரி

ஷெல்லில் ஒட்டும்போது முன்னால் ‘00~’ என்றும் பின்னால் ‘01~’ என்றும் குப்பை வருகிறது என்றவருக்கு: எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததாலோ எடிட்டர் பாதியில் செத்ததாலோ டெர்மினலிடம் கேட்ட 2004-ஐ யாரும் திரும்பப் பெறவில்லை. ‘ரீசெட்’ என்று டைப் செய்து என்டர். சரியாகிவிடும்.

21 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் விம்ஆர்சியில் அந்த வரிகளைச் சேர்த்ததும் சரியாகிவிட்டதாக எழுதியிருக்கிறார். சீரியல் கன்சோலில் (சாதனத்தோடு நேரடிக் கம்பி வழியாகப் பேசும் இணைப்பு) இதெல்லாம் செல்லாதே, அங்கே என்ன செய்வது என்றும் கேட்கிறார். அங்கே எழுத்துகளே வழியில் தொலையும், அதனால் மெதுவாக அனுப்புவதும் சரிபார்ப்பதும்தான் வழி. மேக்கின் ஐடெர்ம்2 டெர்மினலில் மெதுவாக ஒட்டும் வசதி இருக்கிறது. நான் செய்வது: இந்தப் பக்கத்தில் கோப்பை ‘பேஸ்64’ (எந்தக் கோப்பையும் சாதாரண எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கி, அந்த எழுத்துகளை கேட்டில் ஒட்டி, அந்தப் பக்கத்தில் பிரித்தெடுப்பேன். பேஸ்64-இல் டேப் இல்லை, உள்தள்ளல் இல்லை, எஸ்கேப் இல்லை. பேஸ்64 கட்டளை 76 எழுத்துக்கு ஒரு முறை வரி உடைத்துக் கொடுக்கும் என்பதால் 4096 எல்லையும் தொந்தரவு செய்யாது. இந்தப் பக்கம் மேக் என்றால் அது உடைக்காமல் ஒரே வரியாகக் கொடுக்கலாம், ‘-பி 76’ சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரு பக்கமும் ‘ஷா256சம்’ (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்புக் குறியைத் தரும் கட்டளை) ஓட்டி ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் பேஸ்64 கோப்பின் வரிகளை ‘டபிள்யூசி -எல்’ கொண்டு எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் வரியே தொலைந்திருக்கிறது, வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பவும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் நடுவில் எழுத்து தொலைந்திருக்கிறது. 76 எழுத்துக்குக் குறைவான வரியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் திருத்தலாம். கடைசி வரி மட்டும் இயல்பாகவே குறைவாக இருக்கும்.